கதகதப்புக்கு முதல் பரிசு

இப்போதெல்லாம் ஒருத்தன் கீழே விழுந்து கிடந்தால் தூக்கிவிட ஆள் வருகிறதோ இல்லையோ, படம் பிடிக்க ஆள் வந்துவிடுகிறது. கஸ்பாருக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். கல்யாண வீட்டில் இலையில் சோறு விழுமுன்னே இலையைப் படம் பிடிக்கிறான். சாவு வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையையும் சீவிக்கொண்டு பிடிக்கிறான். போன மாதம் பீச் ரோட்டில் உப்பு லாரி இடித்து ஒரு மாடு கிடந்தது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேர் கையும் போனோடு மேலே இருந்தது. கஸ்பார் ஒருத்தர்தான் குனிந்து, அதன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்கிய" என்றான் ஒருத்தன். அவனைப் பார்த்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதனால் மருமகளின் தங்கச்சி அனிஷா வாசலில் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு, "மாமா, நம்ம படத்துக்கு முதல் பரிசு!" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது, அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை.

"நம்ம படமா? நம்மள எப்பம்ளா படம் புடிச்ச?"

அனிஷா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் படம் எடுக்கிறவள். கஸ்பார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்ந்த ஆள். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப்பேர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் படித்தவர்கள் என்ன சொன்னாலும், சொல்வதில் பாதி தன்னை ஏமாற்றத்தான் என்பது அவருடைய தீர்மானம். பல தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது.

அவள் போனை நீட்டினாள். கஸ்பார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அவர் வீட்டு அடுப்படி. கீழே பாயில் மகன் ஜாக்சன் கிடக்கிறான். கால் இரண்டும் முட்டுக்கு மேலே வரை திறந்து கிடக்கின்றன. மருமகள் ஜெஸ்லின் பக்கத்தில் முழங்காலிட்டு, வறுத்த மணலைக் கட்டிய துணி மூட்டையை அவன் முட்டில் வைத்து அழுத்துகிறாள். சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு. அதன் சிவப்பு அவள் கன்னத்திலும் அவன் நெற்றியிலும் விழுந்திருக்கிறது. ஓரத்தில் ஓலை விசிறியோடு ஒரு கிழட்டுக் கை. அது கஸ்பாருடைய கை.

"இதுக்கா பரிசு?"

"போட்டியோட தலைப்பே 'வீட்டின் கதகதப்பு' மாமா. ஹீட்டர் விக்கிற கம்பெனி நடத்துனது. எங்கெங்கயோ இருந்து படம் வந்திருக்கு. காஷ்மீர்ல கணப்புச்சட்டி, ஊட்டியில கம்பளி, அதெல்லாம் தள்ளிட்டு நம்ம படம் வந்திருக்கு."

"ஹீட்டருன்னா?"

"குளிர்காலத்துல வீட்டச் சூடாக்குற மிசினு."

"தூத்துக்குடியில எவம்ளா குளிருல நடுங்குதான்? ஃபேன போட்டாலே தீயால்லா அடிக்கு. பரிசு என்ன?"

அனிஷா கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ஹீட்டரு."

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்குளா. உப்பளத்துக்காரனுக்கு உப்பு மூட்டையப் பரிசாக் குடுத்த மாதிரி இருக்கு."

உள் அறையிலிருந்து ஜாக்சனின் குரல் வந்தது. "அனிஷா, இங்கன கொண்டா. பாப்பம்."

அவள் கொண்டுபோய்க் காட்டினாள். ஜாக்சன் கட்டிலில் சாய்ந்தபடியே வெகு நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். தை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை. கதவருகே நின்ற ஜெஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு மேல் கஸ்பார் என்னத்தைச் சொல்வது? வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் படம் எடுத்த நாள் அவருக்கு மறக்கக்கூடியதா?

ஜாக்சன் சங்கு எடுக்க முங்குகிறவன். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவார்கள். அன்றைக்கு வாடைக்காற்று. சங்கு நன்றாகக் கிடைத்ததென்று திரும்பத் திரும்பப் போயிருக்கிறான். கடைசியாக ஏறி வந்தவன், "முட்டுக்குள்ள பல்வலி வந்த மாதிரி இருக்குலே" என்று படகிலேயே சுருண்டுவிட்டான். கரையில் சுடலைக்கண்ணன் ஆட்டோ நின்றது. அதில் தூக்கிப் போட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஏனென்றால் முங்குகிறவனுக்கு இப்படி வந்தால் அது கடல் குளிர் எலும்பில் ஏறியது என்பதுதான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதலில் சூடு காட்டிக் குளிரை இறக்க வேண்டும். குளிர் ஏறின உடம்பில் ஊசி ஏறினால் ஆள் பிழைக்க மாட்டான். தெரு முழுக்க அதைத்தான் சொன்னது, கஸ்பாரும் அதைத்தான் சொன்னார். எதிர்வீட்டு ஞானபாய் தன் வீட்டுச் சிரட்டையைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினாள். ஜெஸ்லின் இரும்புச் சட்டியில் மணலை வறுத்தாள். ஒரு மூட்டை ஆறுமுன் அடுத்த மூட்டை. கல்யாண வேலை முடிந்து கேமராவும் கையுமாக வந்த அனிஷா, அக்காவைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, அந்த ஒரு படத்தை எடுத்தாள். பிறகு அவளும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மணல் அள்ளப் போனாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுடலைக்கண்ணன் வாசலில் நின்று இரண்டு தடவை குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, ஏத்துதியளா இல்லியா? எனக்கு ஸ்கூல் சவாரி கெடக்கு."

"செத்தப் பொறுலே. சூடு ஏறிட்டு வருது. தேறிருவான்."

உண்மையில் ஜாக்சனும், "இதமா இருக்கு யப்பா, வலி கொறைஞ்ச மாதிரி இருக்கு" என்றான். சுடலைக்கண்ணன் பார்த்தான், பார்த்தான், ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்றுக்கு இருக்க வேண்டுமென்று ஜாக்சன் எழுந்தான். கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே வேறொருவன் உடம்பைக் கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் காற்று குமிழ் குமிழாக நின்றுவிட்டதாம், தண்டுவடத்தை அடைத்துவிட்டதாம். உடனே கொண்டுவந்திருந்தால் ஆக்சிஜன் வைத்து, காற்றழுத்தக் கூண்டு இருக்கிற ஊருக்கு அனுப்பியிருப்பார்களாம். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். ஜெஸ்லின் கையில் மணல் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படுக்கை. வைகாசி பிறக்கும்போதுதான் ஒரு நல்லது நடந்தது. காலுக்குப் பயிற்சி சொல்லித் தருகிற டாக்டரம்மா ஒருநாள், "இங்க பாருங்க" என்றாள். இடது கால் பெருவிரல் அசைந்தது. ஜாக்சன் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான், மறுபடியும் அசைந்தது. உணர்ச்சி இல்லை. ஆனால் அசைந்தது. காலுக்கு இரும்புக் கம்பி பூட்டி ஆடி மாதத்துக்குள் நிற்க வைத்துவிடலாம் என்றாள். ஜாக்சன் உடனே நாள் குறித்துவிட்டான். மாதா கோயில் கொடியேற்றத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டிலில் வைத்துத் தூக்கிப்போய்க் காட்டுகிற வேலை வேண்டாம்.

டாக்டரம்மா ஒரு கட்டளையும் போட்டாள். "சூடு, கீறல், அழுத்தம் எதுவும் இந்தக் காலுல படக்கூடாது. பட்டா அவருக்குத் தெரியாது. அவருக்குப் பதிலா நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும். புண்ணு ஒண்ணு வந்துச்சோ, நிக்கிறத மறந்துருங்க."

அன்றிலிருந்து ஜெஸ்லினின் கண் புருஷன் காலை விட்டு அகலவில்லை. சோறு ஊட்டும்போதும் காலைப் பார்ப்பாள். பேசும்போதும் காலைப் பார்ப்பாள். "ஏளா, என் மூஞ்சி இங்கன இருக்கு" என்பான் ஜாக்சன்.

பரிசு ஹீட்டரைக் கொண்டுவந்தவர் மகாராஜன். பஜாரில் கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ் விற்கிற பெரிய கடைக்காரர், அந்தக் கம்பெனிக்கு இந்த ஊர் ஏஜெண்டு. கூடவே மதுரையிலிருந்து கேமராக்காரர்கள் இரண்டு பேர். படத்தில் இருந்த குடும்பமே ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு விளம்பரம் எடுக்க வேண்டுமாம். அக்கினி வெயில் போயும் போகாத நாள். ஓட்டுக்கூரை அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. கேமராக்காரன் பையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்தான்.

கஸ்பார் எழுந்து வாசலை மறித்து நின்றார். "அண்ணாச்சி, இது என்ன கூத்து? அவன் காலுக்குச் சூடு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காவ."

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு," என்று மகாராஜன் அவர் தோளில் கைபோட்டார். "நாங்க சூட்டுக்காப் போடுதோம்? அந்தச் செவப்பு வெளிச்சத்துக்குத்தான் போடுதோம். எட்டத்தான் இருக்கும். நம்ம பையனுக்கு நான் கெடுதல் செய்வனா?"

"நம்ம பையனா? உம்ம கடையில ஃபேன் வாங்கிட்டு, ஓடலன்னு திருப்பிக் கொண்டாந்தப்பம் என்னய யாருன்னே தெரியலன்னு சொன்னீரு."

மகாராஜன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. அவரே ஹீட்டரைத் தூக்கிப்போய் எதிர்ச்சுவர் ஓரம் வைத்தார். "இங்கன இருந்து இது அசையக்கூடாது" என்றார். கேமராக்காரன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கம்பளியை இழுத்துவிட்டார். வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஜெஸ்லினுக்குப் பவுடர் போட வந்தவனை, "அவ என்ன சினிமாக்காரியா?" என்று அதட்டினார். கேமரா ஓடும்போதெல்லாம் அவர் தலையோ முதுகோ குறுக்கே வந்தது.

"பெரியவர் திரும்பவும் உள்ள வாராரு சார்" என்று கேமராக்காரன் சலித்துக்கொண்டான்.

நாற்காலியில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த ஜாக்சனுக்குப் பொறுமை போய்விட்டது. "யப்பா, கொஞ்ச நேரம் வெளிய போயி நில்லு."

"நான் எதுக்குலே போணும்? என் வீடு."

"உன் வீடுதான். நான் இதுக்குள்ள பொணமாட்டம் கெடக்கேம்லா, அதுவும் உன் வீடுதான். இத்தன மாசத்துல இன்னைக்குத்தான் ஒருத்தன் என்னய சீக்காளியாப் பாக்காம மனுசனாப் பாக்க வந்திருக்கான். அதையும் கெடுக்காத. போ."

கஸ்பார் மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இரண்டு டீ குடித்தார்.

அவர் போன பிறகு நடந்ததை ஜெஸ்லின் பின்னால் அழுது அழுது சொன்னாள். சுவரோரம் வைத்த ஹீட்டரின் சிவப்பு முகத்தில் விழவில்லையாம். "கொஞ்சம் கிட்ட" என்று ஒரு தடவை நகர்த்தினார்களாம். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஃபேன் சத்தம் கேட்கிறதென்று அதை நிறுத்திவிட்டார்களாம். எல்லோர் உடம்பிலும் வேர்வை ஆறாக ஓடியதால், எது வீட்டுச் சூடு, எது மிசின் சூடு என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. என்னவோ வாடை வருகிறதே என்று அனிஷாதான் கேட்டிருக்கிறாள். "புது மிசின்னா மொத தடவ அப்படித்தான்மா வரும்" என்றாராம் மகாராஜன்.

"நீ எங்களா பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டார் கஸ்பார்.

"காலப் பாக்காதீங்க, அவர் முகத்தப் பாத்துச் சிரிங்கன்னு அந்தாளு சொல்லிக்கிட்டே இருந்தான் மாமா. நான் கீழ பாக்கும்போதெல்லாம் 'கட், கட்'ன்னு சொல்லி மறுபடியும் எடுத்தான். அவியளும் 'என் மூஞ்சியப் பாருளா'ன்னாவ. பாத்தேன் மாமா. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அன்றைக்குக் கஸ்பார் டீக்கடையிலிருந்து திரும்பியபோது கேமராக்காரர்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாக்சன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். "யப்பா, கோவமா? நல்லா வந்திருக்காம். டி.வி.யில கூடப் போடுவாங்களாம்" என்றான். கஸ்பார் அவன் மடியிலிருந்த கம்பளியை உருவினார். இடது கால் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் பாதத்தின் மேல்பக்கமும் அவித்த கிழங்கின் தோல் மாதிரி வெந்து வெளுத்து வழன்று நின்றன.

"என்ன யப்பா அப்படிப் பாக்க?" என்றான் ஜாக்சன். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலையும் எடுத்தார்கள். சர்க்கரை இல்லாத உடம்பாக இருந்தும் புண் ஆறுவேனா என்று கிடந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று கஸ்பார் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரும்புக் கம்பிக்கு அளவெடுத்த காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் "பாப்போம்" என்ன என்பது படிக்காத ஆளுக்கும் புரிந்தது.

மகாராஜன் ஆப்பிள் பையோடு வந்தார். "அவருக்கு உணர்ச்சியே கெடையாதுங்கிறது எங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? கம்பெனியில அந்த வீடியோவ நிறுத்திட்டாங்க. ரொம்ப வருத்தப்பட்டாங்க" என்றார். வாசலில் நின்று தான் சொன்ன ஒரு வார்த்தை கூட இந்த மனுஷன் காதில் ஏறவில்லை என்று கஸ்பாருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆப்பிளைப் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

கொடியேற்றம் வந்தது. ஜாக்சன் காலில் கட்டோடு வீட்டில் கிடந்தான். கோயில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திருவிழாக் கூட்டத்தை விட யாருக்கு மனம் வரும்? கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஹாலைப் பிடித்து, போட்டிக்கு வந்த படங்களையெல்லாம் பெரிது பெரிதாக மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள் கம்பெனிக்காரர்கள். வீடியோவைத்தான் நிறுத்தினார்களே தவிர, படத்தை நிறுத்தவில்லை. ஞானபாய் பார்த்துவிட்டு வந்து, "உங்க வீட்டுப் படம் நடுவுல ஆளுயரத்துக்கு இருக்கு அண்ணாச்சி. சனம் மொய்க்குது" என்றாள். கஸ்பார் அன்று மத்தியானமே கிளம்பினார். கழற்றச் சொல்வது, இல்லையென்றால் தானே கழற்றுவது. இரண்டில் ஒன்று.

ஹால் வாசலில் ஒரு பெண்பிள்ளை, "உள்ள கார்ப்பெட் போட்டிருக்கு, செருப்ப வெளிய விட்டிருங்க தாத்தா" என்றாள். விட்டார். உள்ளே ஏ.சி. குளிர். காஷ்மீரும் ஊட்டியும் சுவரில் புகைந்துகொண்டிருந்தன. நடுவில் அவருடைய அடுப்படி.

ஒரு டீச்சரம்மா போல் தெரிந்தவள் கண் கலங்கி நின்றாள். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "அந்தப் பொண்ணு முகத்தப் பாருங்க. இதுக்கு மேல ஒரு வீட்டுல என்ன வேணும்?"

கஸ்பார் கிட்டே போனார். போனில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. அடுப்படிக் கதவு திறந்திருக்கிறது. அதற்கப்பால் வாசல் நடை. நடைக்கு வெளியே, வெயிலில், மஞ்சளாக ஒரு துண்டு. ஆட்டோவின் பின்பக்கம். சுடலைக்கண்ணன் மகள் பேர் எழுதின பின்பக்கம்.

படத்தில் ஆட்டோ இன்னும் நிற்கிறது.

"மாமா," என்று பின்னால் அனிஷாவின் குரல் கேட்டது. மெலிந்திருந்தாள். அவர் திரும்பவில்லை. விரலை நீட்டி அந்த மஞ்சள் துண்டைக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா?"

அனிஷா பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. "எடுக்கும்போது கவனிக்கல மாமா. சத்தியமா."

டீச்சரம்மா குனிந்து பார்த்தாள். "ஓ, ஆட்டோவா? அந்த மஞ்சளும் உள்ள இருக்கிற சிவப்பும் ரொம்ப அழகா சேர்ந்திருக்கு" என்றாள்.

கஸ்பார் அவளைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மா கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றதால் விழுங்கிக்கொண்டார்.

"கழத்துளா இத" என்றார் அனிஷாவிடம்.

அந்த நேரம் பார்த்து மகாராஜன் ஓடி வந்தார். "அண்ணாச்சி, வாங்க, வாங்க. ஜில்லுன்னு ஒரு கலர் குடிக்குதியளா?"

"உம்ம கலரும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம். படத்தக் கழத்தும்."

"இது கம்பெனி சொத்து ஆயிட்டே அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"நான் சொன்னாக் கழத்துவாங்க," என்றாள் அனிஷா. "எடுத்தவ நான்தான். இங்கனயே கத்திக் கழத்த வைப்பேன் மாமா. ஆனா அத்தான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க." அதற்குள் போனில் ஜாக்சனைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்துவிட்டாள்.

"ஏலே, நான் ஹால்ல நிக்கேன். அந்தப் படத்தக் கழத்தச் சொல்லுதேன்."

"வேண்டாம் யப்பா. அங்கனயே இருக்கட்டும்."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமாலே? ஆட்டோ நிக்கி. நம்ம வாசல்ல நிக்கி."

"தெரியும். அனிஷா காமிச்ச அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்துட்டா சிரிச்ச?"

"அந்த மணல் மூட்டய அவ முட்டுல வச்சி அழுத்துதால்லா, அது எனக்குத் தெரிஞ்சுது யப்பா. சூடா, நறநறன்னு. அவ கையி தெரிஞ்சுது. என் காலு கடைசியா எனக்குத் தெரிஞ்சது அதுதான். அதுக்குப் பொறவு தீயில வெந்ததுகூடத் தெரியல. அந்த ஒரு படத்துலதான் எனக்குக் காலு இருக்கு. அதையும் கழத்திட்டு வந்து என்ன செய்யப் போற?"

"அந்தச் சூட்டுலதாம்லே எல்லாம் போச்சு."

"இருக்கட்டும். நீ வீட்டுக்கு வா."

கஸ்பார் போனை அனிஷாவிடம் கொடுத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். மகாராஜனும் பார்த்தார். கார்ப்பெட்டில் நின்ற நாலைந்து பேரும் ஏதோ நடக்கப்போகிறது என்று திரும்பினார்கள். ஒருத்தன் போனைத் தூக்கினான்.

"என்ன மாமா? என்ன செய்யட்டும்?"

"அவன் என்னமோ சொல்லுதான்," என்றார் கஸ்பார். "அவன் காலு, அவன் சொல்லுதான். எனக்குச் சரியாப் படல."

"அப்பம் கழத்தவா?"

"எனக்குச் சரியாப் படலன்னு சொல்லுதேன். கழத்துன்னு சொல்லல."

அதற்கு மேல் அங்கே அவர் நிற்கவில்லை. வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவருடையது எங்கோ அடியில் போய்விட்டது. அந்தப் பெண்பிள்ளை, "இருங்க தாத்தா, தேடித் தாரேன்" என்று குனிந்தாள். அவர் காத்திருக்கவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தார். ஆடி வெயில் உள்ளங்காலைப் பிடித்தது. எதிரே வந்த ஒரு ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து, "ஏறும் பெரியவரே, கால் வெந்துரும்" என்றான். வேண்டாமென்று கையை ஆட்டினார்.

திருவிழாக் கடைகளுக்கு நடுவே, மிட்டாய்க்கும் பலூனுக்கும் நடுவே, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தார். சூடு பொறுக்க முடியாத இடத்திலும் நிழலுக்கு ஒதுங்கவில்லை. "காலு இருக்காம்லா," என்று அவர் வாய் முணுமுணுத்தது. "படத்துல."

திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்.